இழுத்துப் பார்க்காத முடிச்சு

அண்ணாச்சி வீட்டில் தாழ்ப்பாள் என்று ஒன்று கிடையாது. வாசல் கேட்டுக்குக் கயிறு, சமையற்கட்டு ஜன்னலுக்குக் கயிறு, தண்ணீர் டிரம்மின் மூடிக்குக் கயிறு. மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலுக்குக்கூட மெல்லிய நூல் சுற்றியிருக்கும். "இரும்பு துருப்பிடிக்கும் பிள்ள. கயிறு துருப்பிடிக்குமா?" என்பார். போர்ட் பிளேரின் உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் பூட்டு மக்கிப் போவதைப் பார்த்தவர்கள் அதை மறுத்துப் பேச முடியாது. ஆனாலும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டுப் போன வீட்டில், "டப்பா அங்கதான் இருக்கு, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட, அந்த டப்பாவின் கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் முழி பிதுங்கி நின்றவள் நான். அந்தக் கோபத்தில் அன்று சர்க்கரை இல்லாமலே டீ குடித்தேன்.

மரைன் ஹில்லில் அவர் வீட்டுக்கு மேல் வீடு எங்களுடையது. மேல் வீடு என்றால் மாடி இல்லை. மலைச்சரிவில் எங்கள் வீட்டிலிருந்து பதினோரு படி இறங்கினால் அவர் வீட்டு முற்றம். அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், நான் கோவில்பட்டி. ஊர்ப்பக்கத்து உறவில் முதல் நாளே அவர் அண்ணாச்சி ஆனார், நான் பிள்ள ஆனேன். முப்பத்தெட்டு வயதில் என்னைப் பிள்ள என்று கூப்பிட ஒருவர் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் எனக்கு வேலை. அங்கே காலையிலிருந்து தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு என்று எல்லா மொழியிலும் என்னைத் திட்டுவார்கள். நானும் சளைத்தவள் இல்லை. என் வீட்டுக்காரருக்கு டிக்லிபூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மீதி நாட்களில் எனக்கு அக்கம்பக்கம் என்றால் அண்ணாச்சிதான்.

அவர் துறைமுக ஜெட்டியில் கப்பல் கட்டியவர். கட்டியவர் என்றால் செய்தவர் என்று நினைக்க வேண்டாம். வந்து நிற்கிற கப்பலைக் கரையோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுகிற வேலை. தொடைப் பருமன் கயிறுகளை வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து அவருடைய உள்ளங்கை தேங்காய் மட்டையாகக் காய்த்துவிட்டிருந்தது. கொதிக்கிற டீ தம்ளரைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு பேசுவார், வாயில் வைத்த பிறகுதான் சுட்டது தெரியும். அவர் மனைவி, அந்த அக்கா இருந்தவரை, தன் விரலால் தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். "எனக்கு சூடு, குளிரு எல்லாம் இவதான்" என்று அண்ணாச்சி ஒரு முறை என் முன்னாலேயே சொன்னார். அக்கா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்களை அவர் எடை போடுவதே அவர்கள் போடும் முடிச்சை வைத்துத்தான். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் நட்சத்திரம் கட்டியிருந்தால், பூசை முடிந்து எல்லோரும் கேக் தின்னப் போக, இவர் மட்டும் ஏணி போட்டு ஏறி அந்தக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். யார் கட்டியது, எதைக் கட்டியது என்றெல்லாம் கணக்கில்லை. கண்ணில் பட்ட முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் தாண்ட மாட்டார். மளிகைக்கடைப் பொட்டலத்தை இழுத்துப் பார்த்து நூல் அறுந்து, பருப்பு கொட்டி, கடைக்காரர் கத்தியதும் உண்டு. "அவிழுற கட்டு கட்டாம இருக்கதுக்குச் சமம்" என்று பதில் சொல்லிவிட்டுப் பருப்பைப் பொறுக்கினார்.

சிரிக்கலாம்தான். ஒரு வருஷம் காற்று பலமாக அடிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நான் டூட்டி முடிந்து வந்து பார்த்தால் எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் நான்கு மூலையிலும் கயிறு. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் மலையில் ஏழெட்டு வீட்டுத் தகரம் பறந்து ரோட்டில் கிடந்தது. எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட அசையவில்லை. அதன் பிறகு அவர் முடிச்சைப் பற்றி யாராவது கேலி பேசினால் நான் சண்டைக்குப் போவேன். கேலி பேசும் உரிமை எனக்கு மட்டும்தான்.

அவருடைய தனி முடிச்சு ஒன்று இருந்தது. இரண்டு சுற்று சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்கு உள்ளேயே ஒளித்துவிடுவார். வெளியே பார்த்தால் கயிறு எங்கே முடிகிறது என்றே தெரியாது. எனக்கு அவிழ்க்கக் கற்றுக்கொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. போட வரவேயில்லை. நான் போடுவது குழந்தைகளின் ஷூ நாடாவுக்குப் போடுகிற பூ முடிச்சு. "இது முடிச்சா? இது ரிப்பன்" என்பார்.

ஒரு பாஸ்கா திருவிழாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, கறி வைக்க என்று சௌல்தாரி கிராமத்திலிருந்து ஒரு முயலை வாங்கி வந்தார். காலைக் கட்டித் தூக்கி வந்த முயலை அக்கா மடியில் போட்டுக்கொண்டு, "இத வெட்டுனா நான் சாப்பாட்டுல உக்கார மாட்டேன்" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு. பாஸ்காவுக்கு வாங்கியதால் முயலுக்குப் பேரே பாஸ்கா என்று ஆயிற்று. சாம்பல் நிறம், வலது காதில் மட்டும் கறுப்பு. அக்கா அடுப்படியில் நின்றால் பாஸ்கா அவர் சேலை நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கும். அக்கா அடுத்த வருஷமே போய்விட்டார். ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அண்ணாச்சி முயலைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்ததைப் படியிலிருந்து பார்த்தேன். கைக்குத் தெரியாத மெதுமெதுப்பு கன்னத்துக்குத் தெரியும் அல்லவா.

பாஸ்காவின் பின்னங்கால் முறிந்தது கூண்டின் கம்பி வலையில் சிக்கி. தரையும் வலையாக இருந்த பழைய கூண்டு. எதற்கோ மிரண்டு துள்ளியதில் கால் ஓட்டைக்குள் மாட்டித் திரும்பிவிட்டது. கால்நடை டாக்டர் ஒரு வங்காளி. பஞ்சு வைத்து, சிம்புக் குச்சி வைத்து, தளர்வாகத் துணி சுற்றிவிட்டு இந்தியில் ஒன்றையே மூன்று தடவை சொன்னார். கட்டு இறுகக் கூடாது. காலையும் மாலையும் விரல் நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் கட்டைப் பிரித்து உடனே கொண்டுவர வேண்டும்.

அந்தக் கட்டை அண்ணாச்சி முதல் பார்வையிலேயே வெறுத்தார். "இத பாத்தா கட்டு மாதிரியா இருக்கு? மாலை போட்டு அனுப்பியிருக்காரு." அவர் சொன்ன மாதிரியே மறுநாள் பாஸ்கா அதை உதறிவிட்டது. கொண்டு போய் மறுபடி கட்டிவந்தால், மறுபடி உதறியது. மூன்றாவது தடவை போனபோது டாக்டர் வெளித்தீவுக்கு முகாம் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கால் ஆட்டம் கண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஞ்சும் சிம்பும் வைத்து, மேலே பருத்தி நூல் கயிற்றால் தானே கட்டினார். பெரிய கயிற்றின் முனை பிரியாமல் இருக்க நெருக்கமாக நூல் சுற்றுவார்களே, அதே சுற்று. நுனி உள்ளே ஒளிந்துவிட்டது. அவ்வளவு அழகான கட்டை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. "டாக்டர் உங்ககிட்ட வந்து படிக்கணும் அண்ணாச்சி" என்றேன். நானேதான் சொன்னேன்.

கட்டு நின்றது. ஆனால் பாஸ்கா அதற்குப் பிறகு அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. அவர் கை கூண்டுக்குள் வந்தாலே மூலைக்குப் போய் உடம்பெல்லாம் நடுங்கும். அந்தக் காலோடு அது துள்ளுவதைப் பார்க்கப் பயந்து அவர் கையை எடுத்துவிட்டார். "வலிச்சதெல்லாம் என் கையாலதானே. அது எப்படி மறக்கும்?" என்றார். கன்னத்தில் வைத்துப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. வலைக்கு வெளியே உட்கார்ந்து புல்லை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார்.

"விரலை நீதான் தொட்டுப் பாக்கணும் பிள்ள. எனக்குத்தான் கையில ஒண்ணும் தெரியாதே."

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. இதெல்லாம் ஒரு வேலையா?"

அவர் விடியற்காலைப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் பதினோரு படி இறங்கி, கூண்டுக் கதவின் கயிற்றை அவிழ்த்து, விரலைத் தொட்டுப் பார்த்து, என் பூ முடிச்சைப் போட்டுவிட்டு மேலே வந்துவிடுவேன். டூட்டிக்குக் கிளம்பும்போது ரோட்டில் அவர் எதிரே வருவார்.

"சூடா இருக்கா?"

"சூடா இருக்கு அண்ணாச்சி."

சாயங்காலம் அவர் ஜெபமாலைக்குப் போய்த் திரும்பும்போதும் இதே கேள்வி, இதே பதில். கோயிலில் சாமியார் சொல்ல ஜனங்கள் பதில் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. அவர் உள்ளே போய் என் ரிப்பனை அவிழ்த்துத் தன் முடிச்சைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது எனக்கு மேலே கேட்கும். கூண்டு கிறீச்சிடும்.

ஆறாவது நாள் மழை பிடித்தது. உப்பு ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீராகிற ஈரம். முந்தைய நாள் சாயங்காலமே அவர் சொல்லியிருந்தார்: "மழை வரும் போல இருக்கு பிள்ள. பருத்தி நூல் ஈரத்துல இறுகும். நாளைக்கு நல்லா தொட்டுப் பாரு." கூண்டைச் சுற்றிச் சாக்குப் படுதாவும் தொங்கவிட்டிருந்தார். காலையில் நான் குடையோடு படியில் நின்று கீழே பார்த்தேன். பதினோரு படியிலும் பாசி. என் காலில் முந்தின நாள்தான் வாங்கிய செருப்பு. டூட்டிக்கும் நேரமாகிவிட்டது. நேற்று சூடாகத்தானே இருந்தது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். ரோட்டில் அவர் நனைந்துகொண்டே வந்தார்.

"சூடா இருக்கா?"

"சூடா இருக்கு அண்ணாச்சி."

எவ்வளவு சுலபமாக வந்தது. சாயங்காலமும் மழை விடவில்லை. அவர் ஜெபமாலை முடிந்து வந்தபோது படியில் நின்றே சொன்னேன். மறுநாள் இரண்டு வேளையும் அதையே சொன்னேன், முதல் நாள் அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. ஒரு ஜோடிச் செருப்புக்காக இதைச் செய்தேன் என்று எழுதும்போது இப்போதும் காது எரிகிறது.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அவரே படியேறி வந்தார். கையில் தட்டு, அதில் வறுத்த நெத்திலி. முகம் நான் அக்கா போன பிறகு பார்க்காத முகம்.

"கத்துக்கிட்டியே பிள்ள. நேத்தும் இன்னைக்கும் கூண்டுல பாத்தேன். என் முடிச்சேதான். ரெண்டு தடவ இழுத்தும் பாத்தேன், அசையல. இத்தனை வருசத்துல ஜெட்டியில ஒரு பயலுக்கும் வரல, உனக்கு வந்துட்டு."

அவர் போட்ட முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. கூண்டை யாரும் திறக்கவில்லை. அதை அவருக்குச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்தது. நான் தட்டை வாங்கிக்கொண்டு, "ஏதோ வந்துச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் இறங்கிப் போனதும் நானும் போய்ப் பார்த்திருக்கலாம். அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண் முன்னால் போய் என் ரிப்பனை எப்படிப் போடுவது? விடிந்ததும் பார்க்கலாம் என்று நெத்திலியைத் தின்றேன்.

விடிந்ததும் ஓடினேன், வெறுங்காலோடு. சாக்கு நனைந்து கூண்டோடு ஒட்டிக்கிடந்தது. பாஸ்கா புல்லைத் தொட்டிருக்கவில்லை. மயிருக்குள் விரல் விட்டு அதன் விரலைத் தொட்டேன். குழாய்த் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது. இன்னொரு காலைத் தொட்டுப் பார்த்தேன். அது சூடாக இருந்தது.

முகாம் முடிந்து அன்றுதான் டாக்டர் திரும்பியிருந்தார். நூலை வெட்டியபோது வந்த வாடையில் அண்ணாச்சி முகத்தைத் திருப்பாமல் நின்றார். கால் கறுத்திருந்தது. யார் கட்டியது என்று டாக்டர் இந்தியில் கேட்டார். "நான்" என்றார் அண்ணாச்சி. தினமும் விரலைப் பார்க்கச் சொன்னேனே, பார்க்கவில்லையா என்று டாக்டர் குரலை உயர்த்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"பார்த்தது சாப். தினமும் ரெண்டு வேளை. இந்தப் பிள்ள மழையிலும் இறங்கி வந்து பார்த்தது. நேத்து சாயங்காலம் வரை சூடாத்தான் இருந்தது." தட்டுத் தடுமாறிய இந்தியில் இதைச் சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அப்படியானால் ஒரே ராத்திரியில் இறுகியிருக்கும், சில சமயம் அப்படியும் நடக்கலாம் என்றார் டாக்டர், நம்பாமல்.

காலை எடுத்தார்கள். மூன்று காலோடு முயல் பிழைக்கும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் பாஸ்கா சாப்பிடவில்லை. அண்ணாச்சி இப்போது கன்னத்தில் வைத்துக்கொண்டாலும் அது நடுங்கவில்லை, நடுங்கத் தெம்பில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், அவர் மடியில், அக்காவின் பழைய சேலைத் துண்டின் மேல் இறந்துபோயிற்று. பப்பாளி மரத்துக்குக் கீழே அவர் குழி தோண்ட, நான் பக்கத்தில் நின்றேன். சேலைத் துண்டில் சுற்றியவர், அதைக் கட்ட எடுத்த நூலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கட்டாமலேயே குழிக்குள் வைத்தார்.

"ஒரே ராத்திரில இறுகிட்டு பிள்ள. சொல்லாம கொள்ளாம. நாப்பது வருசமா என் கயித்த நம்பி எத்தன ஆளு கப்பல்லேர்ந்து இறங்கியிருக்கும்? இப்ப நெனச்சா பயமா இருக்கு."

அடுத்த வாரம் அவர் வீட்டில் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு, ஜன்னலுக்கு, டிரம் மூடிக்கு என்று எல்லாவற்றுக்கும் இரும்புத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த கயிறுகள் முற்றத்தில் குவியலாகக் கிடந்தன.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ என்ன சொல்லப்போறன்னு தெரியும். என் மேல தப்பில்லம்ப. நல்ல பிள்ள நீ. போ, டூட்டிக்கு நேரமாகலியா?"

நல்ல பிள்ளை போய்விட்டாள். இன்னொரு தடவையும் சொல்ல வாயெடுத்தேன், அப்போது அவருக்குத் தெரிந்தவர் யாரோ வந்துவிட்டார். வந்திராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அவர் தன் கையைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. கை மேல் இருந்த அந்த நம்பிக்கையை ஒரு வார்த்தையில் நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தாழ்ப்பாள்கள் அவர் சொன்னபடியே ஆறு மாதத்தில் துருப்பிடித்தன.

மறு வருஷம் தூத்துக்குடியிலிருந்து மகள் வந்து, தனியாக இருந்தது போதும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள். மெயின்லேண்டுக்குக் கப்பல். வழியனுப்ப நானும் ஜெட்டிக்குப் போனேன், அவரோடு வேலை செய்த நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சாமான் எல்லாம் பையில் போய்விட்டது. பழைய தகரப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. அதன் கொக்கி துருவில் மக்கி, மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கூட வேலை செய்த தெலுங்குக்காரர் எங்கிருந்தோ ஒரு கயிறு கொண்டுவந்து, "நீயே கட்டு உஸ்தாத்" என்று நீட்டினார்.

"நான் கட்டுறதில்ல. இந்தப் பிள்ள கட்டும்" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் முடிச்சு தெரிஞ்ச ஒரே ஆளு. நான் போனாலும் அது இந்த மலையில இருக்கும்லா."

"அண்ணாச்சி, நான்..."

"சும்மா கட்டு பிள்ள. கை மறந்திருக்காது."

கயிற்றை வாங்கிக்கொண்டு குனிந்தேன். பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றினேன். நுனியை எந்தச் சுற்றுக்குள் விட வேண்டும், மேலிருந்தா, கீழிருந்தா என்று தெரியவில்லை. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். மறுபடி பிரித்தேன். கப்பலில் ஏறச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கடைசியில் என் விரல்கள் தமக்குத் தெரிந்த ஒன்றையே செய்தன. பெட்டியின் மேல் பூ முடிச்சு இரண்டு காதோடு நின்றது.

நான் நிமிரவில்லை. அவருடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. கூண்டுக் கதவில் அந்த இரண்டு நாளும் இருந்தது யார் முடிச்சு என்று அந்தப் பாதங்கள் அசையாமல் நின்ற நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. தெலுங்குக்காரர் ஏதோ சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். அண்ணாச்சியின் காய்த்த கை என் தலை மேல் வந்து உட்கார்ந்தது.

"கெட்டியா இருக்கு பிள்ள" என்றார்.

பெட்டியைக் கூலிக்காரர் தோளில் ஏற்றிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார். அந்த முடிச்சை அவர் இழுத்துப் பார்க்கவில்லை.